பையன் என்று சொன்னேன்

மார்ச் 2

வர்ஷினிக்குப் பையன்.

எழுத ஒரு வரி போதும். ஆனால் காலையிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. வர்ஷினி என் கொழுந்தனார் நவநீதனின் மனைவி. கனடாவில் இருக்கிறார்கள். அவளுக்கு ஐந்தாம் மாதம், எனக்கு நாலு. போன வாரம் ஸ்கேன் எடுக்கப் போனபோது, என்ன குழந்தை என்று தெரிந்துகொள்ள ஆசையா என்று அங்கே இருந்த பெண்ணே கேட்டாளாம். இவள் ஆமாம் என்றதும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாளாம். கடையில் விலை சொல்வது மாதிரி.

அதோடு விட்டார்களா? இன்று காலை வீடியோவில் கூப்பிட்டார்கள். ஒரு கூடம் நிறையச் சிநேகிதர்கள். நடுவில் ஆளுயரக் கறுப்பு பலூன். நவநீதன் ஊசியால் குத்தினான். நீலப் பொடி மழையாகக் கொட்டியது. எல்லோரும் கத்தினார்கள்.

"அதென்னடா பொடி?" என்றார் அத்தை, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு.

"பையன்னா நீலம், பொண்ணுன்னா ரோஸுங்கம்மா!"

அத்தை அழுதுவிட்டார். "என்ற வமுசம் தழைச்சிருச்சு சாமி" என்று போன் திரையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இனியா பிறந்தபோது இதே அத்தை சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "செரி போ, மொதோ புள்ளைதானே."

நானும் கைதட்டினேன். மற்றவர்களை விடச் சத்தமாகவே தட்டினேன். மதியம் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

மார்ச் 5

எனக்கு அவள்மேல் பொறாமை ஒன்றும் இல்லை. அவள் நல்ல பெண்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்கு முகத்துக்குத் தடவுகிற கிரீம் அனுப்புவாள்.

ஆனால் வீடியோவில் அவள் நகத்தைப் பார்த்தேன். பத்து நகத்திலும் நீலம். முன்கூட்டியே பூசியிருக்கிறாள். அப்படியென்றால் பலூன் உடைந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு ஆச்சரியப்பட்டதெல்லாம் நடிப்புத்தானே?

இவர் மண்டியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டவள் மசக்கையில் மஞ்சள் வாசத்துக்குப் பயந்தால் எப்படி? கிணற்றடியில் நின்று குமட்டினேன். நவநீதன் அங்கே வர்ஷினிக்குக் கால் பிடித்துவிடுகிறானாம். அத்தை அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

மார்ச் 9

மாதச் செக்கப். ஆஸ்பத்திரியில் நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே அந்தப் போர்டு. கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம். இனியா வயிற்றில் இருந்தபோதும் இதே போர்டைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அது சுவரில் இருந்த ஒரு போர்டு, அவ்வளவே. இன்று என்னை மட்டும் பார்த்து எழுதியது போல இருந்தது.

அங்கே கேட்டால் சிரிக்கிறார்கள். இங்கே கேட்டால் குற்றம். ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர்.

தெரிந்துகொண்டு எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்பதுதான் உறுத்துகிறது.

மார்ச் 14

அத்தை இன்று என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். ஏழு வருடத்தில் இது இரண்டாவது முறை. ஏதோ இருக்கிறது என்று அப்போதே தெரிந்தது.

"கஸ்தூரின்னு ஒருத்தி இருக்கறா. நம்ம பங்காளி வூட்டு மருமகளுகளையெல்லாம் அவதான் கூட்டிட்டுப் போனா. கார்லயே போயிட்டு பொழுதுக்குள்ள வந்தர்லாம்."

"எதுக்குங்க அத்தை?"

"அட, சும்மா பாத்து வெச்சுக்கத்தான். அங்க சின்னவளுக்குத் தெரிஞ்சிருச்சு. இங்க நாம மட்டும் இருட்டுல உக்காந்திருக்கோணுமா?"

என் மனதில் இருந்ததையே அவர் வாய் சொன்னது. அதனால்தான் உடனே தலையாட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகு நான் காபி கலக்கும்போது கூடத்தில் அத்தை இவரிடம் பேசியது காதில் விழுந்தது. "ரெண்டாவதும் பொட்டையின்னா இப்பவே பாத்துக்கோணும் லோகு. நாள் தள்ளிப் போனா அவ ஒடம்புக்குத்தான் ஆவாது." இவர் என்ன பதில் சொல்கிறார் என்று ஸ்பூனைக் கூட ஆட்டாமல் நின்றேன். இவர் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

மார்ச் 21

போய் வந்தோம். அத்தையிடம் பையன் என்று சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே காரை நிறுத்தி மைசூர்பாகு வாங்கினார்.

மார்ச் 22

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று இனியா பக்கத்து வீட்டில் விளையாடப் போய்விட்டாள், அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார். நடந்ததை எழுதுகிறேன்.

ஊர் பெயரைக் கஸ்தூரி சொல்லவில்லை. மலைப்பக்கம், ஒரு தென்னந்தோப்பு. நடுவில் ஓட்டு வீடு. பக்கத்தில் வற்றிப்போன வாய்க்காலும் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலும். எனக்கு முன்னால் ஒரு பெண் வந்திருந்தாள், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு. இருபத்தைந்து வயது கூட இருக்காது. கூட அவள் மாமியார். கூட வந்தவர்கள் தோப்பில் நிற்க வேண்டும், வயிற்றுக்காரி மட்டும் உள்ளே.

அவள் வெளியே வந்தாள்.  அவள் முகத்தைப் பார்த்தே மாமியார் தெரிந்துகொண்டு கஸ்தூரிக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேரும் அவளை ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்தூரி அந்த விரல்களைக் கோபமே இல்லாமல், குழந்தையின் கையிலிருந்து மிட்டாயை எடுப்பது போல, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கதவைச் சாத்தினார்கள்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்த ஆள் முகமூடி போட்டிருந்தான். சின்னப் பெட்டி மாதிரி ஒரு மெஷின். வயிற்றில் ஜில்லென்று தடவினான். "கூட வந்தவங்ககிட்ட நான் பேசறதில்ல. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன். எழுதியும் தரமாட்டேன்" என்றான். திரையை என் பக்கம் திருப்பவில்லை. அவன் கண்ணாடியில் அதன் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"பொண்ணு" என்றான்.

"நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான். "அதெல்லாம் நான் பாக்கறதில்லம்மா" என்று சொல்லித் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தான்.

வெளியே வந்தேன். அத்தை மரத்தடியில் நின்றிருந்தார். கஸ்தூரி அதற்குள் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது. "பையனுங்க அத்தை" என்றேன்.

இதை வேறு மாதிரி நினைக்கக் கூடாது. எனக்குத் தைரியமெல்லாம் கிடையாது. கரப்பான் பூச்சிக்கே பயப்படுகிறவள் நான். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது பச்சைச் சேலைக்காரி இல்லை. வர்ஷினிதான் இருந்தாள், அவளுடைய நீல நகங்கள்தான் இருந்தன. அவளுக்கு மட்டும் பையன், எனக்கு மட்டும் பெண்ணா என்ற வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை அது. வேறொன்றும் இல்லை.

திரும்பி வரும்போது வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். ரோடு அவ்வளவு மோசம்.

ஏப்ரல் 3

ராஜ உபசாரம் என்று படித்திருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன். காலையில் குங்குமப்பூ போட்ட பால். துவைக்கிற கல் பக்கம் போகக் கூடாது. "நீ குனியாத கண்ணு, என்ற பேரனுக்கு மூச்சு முட்டும்." இவர் கூட நேற்று மண்டியிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் என் பக்கத்தில் வந்தார். மஞ்சள் வாசம் எனக்கு ஆகாது என்பது இப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது.

மாலை வர்ஷினியைக் கூப்பிட்டேன். நானாகவே. "எனக்கும் பையன்தான்" என்றேன். இரண்டு நிமிடம் பேசுவாள், வாழ்த்துவாள், குரல் கொஞ்சம் இறங்கும், அதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"எப்படிக்கா தெரியும்? அங்கதான் சொல்லவே மாட்டாங்களே?"

"தெரிஞ்சவங்க மூலமா."

 "அக்கா, பொண்ணுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள்.

இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. கேட்க அவளுக்கு என்ன உரிமை? பனி பெய்கிற ஊரில் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லாமே சுலபம்தான். "சிக்னல் இல்ல வர்ஷினி" என்று வைத்துவிட்டேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 7

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் மாத ஸ்கேன். டாக்டரம்மா இதயம், முதுகுத்தண்டு, கை, கால் எல்லாம் காட்டினார். நல்லா இருக்கு என்றார். நான் கேட்காமலேயே சொன்னார்.

ஏப்ரல் 19

இனியாவுக்கு வயது ஆறு. அத்தை அவளிடம் எதற்கெடுத்தாலும் தம்பியைச் சொல்கிறார். தட்டில் சோறு மீந்தால், "தம்பி வரட்டும், உனக்குப் பாதிதான்." கட்டிலில் குதித்தால், "தம்பி படுக்கற எடம், எறங்கு." இன்று இவர் வண்டியை எடுக்கும்போது வழக்கம் போல முன்னால் ஏறி உட்கார்ந்தாள். "இன்னிக்கே பின்னால உக்காந்து பழகு புள்ள. அது தம்பி எடம்" என்றார் அத்தை. இனியா இறங்கிவிட்டாள். அப்பா ஏதாவது சொல்வாரா என்று பார்த்தாள். அப்பா கிக்கரை உதைத்தார்.

 நான் என்ன சொல்வது? நான் பெற்றுப் போட்ட தம்பி அவன். வாயால் பெற்றது.

மே 8

சித்திரைக் கடைசி வெள்ளி. குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்தோம். அத்தை எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடச் சொன்னார். இனியா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உதடு அசைத்தாள்.

"என்ன சாமி வேண்டிக்கிட்ட?" என்று கேட்டார் அத்தை, கொஞ்சலாகத்தான்.

"தம்பி வரக் கூடாதுன்னு."

அத்தை அறைந்த சத்தம் பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. இனியா அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் வயிற்றைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மார்ச் மாதம் முழுக்கக் கண்ணாடியில் நான் பார்த்த பார்வை.

அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். "தம்பியைப் புடிக்கலியா?" என்றேன்.

"அவனுக்குத்தான் எல்லாரும் இருக்காங்களே" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆறு வயதுக் குழந்தை ஒரு நாள் கூட ரகசியம் காப்பாற்றாது. சொல்லவில்லை.

மே 24

அத்தை பேரனுக்கு வெள்ளியில் அரைஞாண் செய்யச் சொல்லியிருக்கிறார். இனியாவுக்கு வாங்கிய கொலுசு அறுந்து ஒரு வருடமாக பீரோவில் கிடக்கிறது. அதைப் பற்ற வைக்கக் கொடுங்கள் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், இப்போது எனக்கு அந்தப் பையன்மேலேயே எரிகிறது. பிறக்காதவன், இல்லாதவன். அவனுக்குப் பால், அவனுக்கு அரைஞாண், அவனுக்கு வண்டியில் முன்னிடம். உள்ளே இருப்பவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாளோ என்று நினைத்தேன். இரவு படுத்ததும் அவள் உதைத்தாள். இவர் கையை எடுத்து வயிற்றில் வைத்து, "பாருங்க" என்றேன். "எங்கப்பன் மாதிரியே முரடன்" என்று சிரித்தார்.

ஜூன் 1

இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. நாள் தள்ளிப் போனதைக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தமில்லை. காலண்டர் கிழிக்கும்போது தோன்றியது.

ஜூன் 14

வளையல் போட்டார்கள். எங்கள் பக்கம் இரண்டாவது பிள்ளைக்கு யாரும் போடுவதில்லை. அத்தை ஊரையே கூப்பிட்டுப் போட்டார். என் அம்மா இருந்திருந்தால் வந்து பார்த்து வாயடைத்துப் போயிருப்பாள். வந்தவர்களிடமெல்லாம் அத்தை குனிந்து காதோடு ஏதோ சொன்னார், அவர்கள் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பட்டுச்சேலையில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவநீதன் வீடியோவில் வந்தான். பின்னால் வர்ஷினி சோபாவில் படுத்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. ஒரு கையில் கூட வளையல் இல்லை. "எனக்கு இங்க யாருக்கா போடறது?" என்றாள். "உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

இந்த வார்த்தைக்காக எவ்வளவு நாள் காத்திருந்தேன். வந்தபோது ருசிக்கவில்லை. இரண்டு கையிலும் வளையல் கனத்தது.

ஜூலை 16

வர்ஷினிக்குப் பிறந்துவிட்டது. சொன்ன மாதிரியே பையன். தலை நிறைய முடி. அத்தை தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். அங்கே போட்டோவில் வர்ஷினி வெளுத்துப்போயிருந்தாள், ஆனாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பொய்யும் சொல்லாமல் பெற்றவள். அதில்தான் எனக்கு எரிகிறது, பையனில் இல்லை.

அத்தை என் வயிற்றைத் தடவினார். "அவன் தூரத்துல வளரப்போறவன். என்ற மடியில வளரப்போறவன் இவன்தான்."

பிறந்ததும் கேட்டால் ஸ்கேன் ஆள் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆகஸ்ட் 12

பிறந்துவிட்டாள். காலையில். சுகப்பிரசவம். கறுப்பு, என்னை மாதிரி. எழுத உட்கார முடியவில்லை.

ஆகஸ்ட் 14

யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறேன். இவள் பிறந்த அன்று வார்டில் நடந்ததை அதற்குக் கீழேயே எழுத வேண்டும்.

எஸ்தர் என்று ஒரு நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்க வேண்டும், நடையில் இன்னும் தயக்கம் இருந்தது. அவள்தான் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "பெண் குழந்தைங்கம்மா" என்று அத்தையிடம் நீட்டினாள். அத்தை கையை நீட்டவில்லை. எதிர்க் கட்டிலைப் பார்த்தார். அங்கே அதே நேரத்தில் பிரசவமான ஒரு பெண், பக்கத்தில் ஆண் குழந்தை.

"மாத்திப்போட்டாங்க" என்றார் முதலில் மெதுவாக. அப்புறம் கத்தினார். "என்ற பேரனை மாத்திப்போட்டாங்க! அய்யோ லோகு, ஓடியாடா!"

இவர் ஓடி வந்தார். ஆயா வந்தாள், மற்ற நர்ஸ்கள் வந்தார்கள். அத்தை எதிர்க் கட்டிலுக்கே போய்விட்டார். அந்தப் பெண் தையல் வலியோடு எழுந்து குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிக்கொண்டாள். "கிட்ட வராதீங்க, கிட்ட வராதீங்க" என்று அழுதாள். அவள் புருஷன் இவர் சட்டையைப் பிடித்தான்.

பெரிய நர்ஸம்மா எஸ்தரைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு குழந்தையையும் எடை போட ஒண்ணா எடுத்துட்டுப் போனியா? சொல்லு!" எஸ்தர், "இல்லக்கா, தனித்தனியாத்தான், கையில பட்டை கட்டித்தான்" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். யாரோ போலீஸ் என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. பிள்ளை பிறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

டாக்டரம்மா வந்தார். சத்தம் போடவில்லை. அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பேரன்னு உங்களுக்கு எப்படிங்கம்மா தெரியும்?"

 "கெனா கண்டேன்" என்றார் அத்தை. பிறகு, "ஜோசியர் சொன்னாரு." இவர் தரையைப் பார்த்தார். ஆனாலும் அத்தை அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. எஸ்தரின் அழுகையும் நிற்கவில்லை.

ஸ்கேன் ஆள் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று இப்போதும் சொல்லலாம். ஆனால் அத்தை நம்ப வேண்டுமே. அவர் கண்ணில் எதிர்க் கட்டில் பையன் ஏற்கெனவே பேரனாகிவிட்டான். நான் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டர், அந்தப் புள்ளையைத் திட்டாதீங்க. எனக்குப் பொண்ணுதான். மார்ச் மாசமே தெரியும். என்கிட்டப் பொண்ணுன்னுதான் சொன்னாங்க. நான்தான் அத்தைகிட்டப் பையன்னு சொன்னேன்."

 அத்தை திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. யாரோ முன்பின் தெரியாதவள் தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஏண்டி?" என்றார்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. வர்ஷினி, பலூன், வயிற்றெரிச்சல். அதுதான் உண்மை என்று மாதக்கணக்கில் எழுதி வந்திருக்கிறேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சொல்லியிருந்தா இவளை விட்டிருப்பீங்களா?"

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 15

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கே, யார் என்று கேட்டார். இவர் பக்கத்தில் நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். தன் அம்மாவையும் வழக்கில் இழுத்துவிடுவார்கள் என்று பயம். பயம் நியாயம்தான்.

கஸ்தூரியின் பெயரைச் சொன்னேன். தென்னந்தோப்பையும் வற்றிய வாய்க்காலையும் பக்கத்துக் கோயிலையும் சொன்னேன். பச்சைச் சேலைக்காரியைச் சொல்லும்போது என்னால் முடிக்க முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் வரைக்கும் சொன்னேன். டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். உங்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், பயப்படாதீர்கள் என்றார். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானும்தான் தலையாட்டினேன். அதையும் சொன்னேன்.

அவர் போன பிறகு இவர் வெகுநேரம் ஜன்னலில் நின்றார். பிறகு வெளியே போனார். எஸ்தரிடம் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாராம், ஆயா வந்து சொன்னாள். திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தமயந்தி. நான் அம்மாவைத் தடுத்திருப்பேன்."

"தடுத்திருப்பீங்களா?"

குழந்தையின் பாதத்தைத் தொட்டார். இந்த முறை சத்தத்தைக் கூட்டிவைக்க அங்கே டிவி இல்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "தெரியல" என்றார். தடுத்திருப்பேன் என்று அடித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 17

வீட்டுக்கு வந்துவிட்டோம். இனியா வாசலிலேயே நின்றாள். குழந்தையைப் பார்க்க எட்டி எட்டிப் பார்த்தாள்.

"தம்பி எங்க?"

"தம்பி இல்ல. தங்கச்சி."

"தம்பி எப்ப வருவான்?"

"அவன் வரல. வரவே மாட்டான்."

முகத்தில் வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. உடனே பயந்துபோய், "நான் கோயில்ல சொன்னதாலயாம்மா?" என்றாள். இல்லை என்று சொல்லிக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு எல்லாம் ஒருநாள் சொல்ல வேண்டும். பெரியவள் ஆகட்டும்.

ஆகஸ்ட் 20

அத்தை என்னோடு பேசுவதில்லை. சமைக்கிறார், என் பங்கை மேடைமேல் மூடி வைக்கிறார். ஒருநாள் இரண்டு அதிகாரிகள் வந்து அவரிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இவர் கூடவே உட்கார்ந்திருந்தார். நடந்ததை மறைக்க வேண்டாம் என்று இவரே அம்மாவிடம் சொன்னது அறைக்குள் கேட்டது. கஸ்தூரியைப் பிடித்துவிட்டார்களாம். முகமூடிக்காரன் கிடைக்கவில்லை.

வர்ஷினி கூப்பிட்டாள். நவநீதன் மூலம் எல்லாம் தெரிந்திருக்கிறது. இருவரும் அவரவர் குழந்தையைக் கேமராவுக்கு நேரே பிடித்தோம். "உங்க பொண்ணு எவ்ளோ அழகுக்கா" என்றாள். பொய். இப்போதுதான் தோல் உரிகிறது. ஆனாலும் அவள் சொன்னபோது போனை வைத்துவிடத் தோன்றவில்லை. அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு ஜுரம், பக்கத்தில் யாருமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். நீண்ட நேரம் பேசினோம். அவள் பையனுக்கு முடி மட்டும் உண்மையிலேயே அதிகம்தான்.

ஆகஸ்ட் 26

இன்று குழந்தையைக் குளிப்பாட்டும்போது நான் தடுமாறிவிட்டேன். இனியா பிறந்தபோது அம்மா இருந்தாள். நான் கற்றுக்கொள்ளவே இல்லை. குழந்தை வீல் வீலென்று கத்தினாள். இனியா சொம்போடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

அத்தை சமையலறையிலிருந்து வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படிப் புடிச்சா கழுத்து ஒடிஞ்சு போயிரும்" என்றார். அந்த நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. காலை நீட்டி உட்கார்ந்தார். கேட்காமலேயே குழந்தையை வாங்கிக் கால்மேல் குப்புறப் போட்டுக்கொண்டார். அந்தக் கை எப்படி அசைந்தது என்று சொல்ல வேண்டும். எண்ணெய் முதுகில் ஓடியது, வெந்நீர் ஒரே தாரையாக விழுந்தது, காதுக்குள் ஒரு சொட்டு போகவில்லை. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டாள். துவட்டி மல்லாத்தியதும் கண்ணை விரித்து அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து என்னைக் கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"பாக்கறதைப் பாரு, வாயாடி" என்றார் அத்தை.  கண்ணிலிருந்து ஒரு சொட்டு குழந்தையின் வயிற்றில் விழுந்தது. துடைத்துவிட்டார்.

என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் மனம் இளகியிருக்கும். எனக்கு எரிந்தது. இந்த மடி. மாரியம்மன் கோயில் பக்கத்துத் தோப்பில், மரத்தடியில் காத்திருந்த அதே ஆள். அந்தக் கையில் என் பெண் அமைதியாகக் கிடக்கிறாள், என் கையில் அழுகிறாள்.

"குடுங்க அத்தை."

"இரு, பொட்டு வெச்சர்றேன்."

"குடுங்க. அது என்ற புள்ள."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். குழந்தையை என் கையில் வைத்தார். எழுந்திருக்கச் சிரமப்பட்டார், முட்டிவலி. இனியா ஓடிப் போய்க் கை கொடுத்தாள். அவர் அதைப் பிடித்து எழுந்து சமையலறைக்குப் போனார்.

இத்தனை மாதமும் எழுதியதில் எது பொறாமை, எது பொறாமை இல்லை என்று எனக்கே இப்போது தெரியவில்லை. இது பொறாமைதான். இதை மறைக்கப் போவதில்லை. நாளைக்கு ஒருவேளை நானே கூப்பிட்டு அவர் மடியில் போடுவேன். இனியாவுக்கு அந்தக் கை வேண்டும், இவளுக்கும் வேண்டும். ஆனால் அது நானாகக் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

என் கைக்கு வந்ததும் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தாள். நன்றாகச் சத்தம் போட்டு அழுதாள். தெருவுக்கே கேட்டிருக்கும். அழட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.